நோய்க்கிருமி ஆய்வுகூடங்களில் விபத்துப் பதிவேடு எங்கே?

ஆசிரியர் அவர்கட்கு,

என் தங்கையின் மகள் இவ்வாண்டு கொழும்பிலுள்ள ஓர் ஆய்வுகூடத்தில் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்திருக்கிறாள். நோயாளரிடமிருந்து பெறப்படும் மாதிரிகளில், மருந்துக்கு மசியாத பற்றீரியாக்களைத் தேடுவதே அவளுடைய ஆய்வு. முதல் நாள் மாலை வீட்டுக்கு வந்தவளிடம் என்ன சொல்லித் தந்தார்கள் என்று கேட்டேன். வெள்ளை மேலங்கி ஒன்றும், அறையின் திறப்பும், செய்முறைகள் அடங்கிய ஒரு கோப்பும் கொடுத்ததாகச் சொன்னாள். கையில் ஊசி குத்தினால் யாரிடம் சொல்ல வேண்டும், மாதிரிக் குழாய் விழுந்து உடைந்தால் முதலில் செய்ய வேண்டியது என்ன, அந்த அறையில் நடக்கும் விபத்துகளைக் குறித்து வைக்கும் பதிவேடு எங்கே இருக்கிறது என்று நான் அடுத்தடுத்துக் கேட்ட மூன்று கேள்விகளுக்கும் அவளிடம் பதில் இருக்கவில்லை. மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளராக முப்பத்து நான்கு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்ற எனக்கு அன்றிரவு உறக்கம் வரவில்லை. 1981இல் நான் வேலையில் சேர்ந்த முதல் நாளும் அப்படித்தான் இருந்தது. இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னரும் ஒரு பிள்ளை அதே வாசலால்தான் உள்ளே போகிறாள் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

கொழும்பு இத்துறைக்குப் புதிய நகரமன்று. இன்று பொரளையில் இயங்கும் மருத்துவ ஆராய்ச்சி நிறுவகம் 1900ஆம் ஆண்டில் ஒரு பற்றீரியவியல் நிலையமாகத் தொடங்கியது. காசநோய்க்கான தேசிய உசாத்துணை ஆய்வுகூடம் வெலிசறையில் இருக்கிறது. 2020இல் கொவிட் தொற்று பரவியபோது பொரளையிலிருந்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடம் வரை பல ஆய்வுகூடங்கள் குறுகிய காலத்துக்குள் பிசிஆர் பரிசோதனைகளை நடத்தத் தொடங்கின. அந்த நாட்களில் இரவுபகலாக உழைத்தவர்களின் திறமையிலும் அர்ப்பணிப்பிலும் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை. அவர்களுடைய பாதுகாப்பைப் பற்றியே எழுதுகிறேன். அவர்களைக் குறை கூற எழுதவில்லை.

ஆய்வுகூடத்தில் நோய் தொற்றுவது என்றவுடன் வெளியில் உள்ளவர்கள் கண்ணாடி வெட்டியதையோ ஊசி குத்தியதையோ தான் நினைப்பார்கள். அவையும் உண்மையான ஆபத்துகளே. எச்.ஐ.வி. உள்ள இரத்தம் படிந்த ஊசி ஒரு முறை குத்தினால் தொற்று ஏற்படும் வாய்ப்பு ஏறத்தாழ 0.3 சதவீதம், தடுப்பூசி பெறாத ஒருவருக்கு ஹெப்பட்டைட்டிஸ் பி தொற்றும் வாய்ப்போ 30 சதவீதம் வரை போகக்கூடும். ஆனால் 1976இல் அமெரிக்க ஆய்வாளர் பைக் என்பவர், ஆய்வுகூடங்களில் தொற்றிய 3921 நோய் நிகழ்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, இன்ன விபத்தினால்தான் தொற்றியது என்று சுட்டிக்காட்டக் கூடியவை ஐந்தில் ஒரு பங்கு கூட இல்லை. எஞ்சியவர்கள் எதையும் சிந்தவில்லை, எதையும் உடைக்கவில்லை, கையைக் குத்திக்கொள்ளவும் இல்லை. அவர்கள் காற்றைச் சுவாசித்தார்கள் என்பதே பெரும்பாலும் விளக்கமாக இருந்தது. திரவத்தை அளந்து எடுக்கும் பிப்பெட் குழாயின் நுனியில் எஞ்சிய கடைசித் துளியை ஊதி வெளியேற்றும்போதும், கிருமி படிந்த கம்பி வளையத்தை ஈரம் உலராமல் சுவாலையில் நீட்டும்போதும், குலுக்கிய குழாயின் மூடியை உடனே திறக்கும்போதும் கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகள் கிளம்புகின்றன. ஐந்து மைக்ரோனிலும் (ஒரு மைக்ரோன் என்பது மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு) சிறிய துளிகள் நுரையீரலின் அடி வரை இறங்கிவிடும். மேசையில் எதுவும் தெரியாது, மணமும் இருக்காது. ஆகவே, பார்த்துப் பார்த்துக் கவனமாகச் செய்தால் போதும் என்ற எண்ணம் இந்த வேலைக்குப் பொருந்தாது.

இதை நான் கற்றுக்கொண்ட விதத்தை இங்கே எழுதுவது எனக்கு எளிதன்று. எண்பதுகளின் நடுப்பகுதியில் நான் பணியாற்றிய ஓர் ஆய்வுகூடத்தில், காசநோய்ச் சந்தேகத்துக்குரிய சளி மாதிரிகளை மையநீக்கி என்னும் வேகச் சுழல் இயந்திரத்தில் இட்டுச் சுழற்றிக்கொண்டிருந்தோம். சத்தம் மாறியது, உள்ளே குழாய் ஒன்று உடைந்துவிட்டது என்று விளங்கியது. அப்படி நேர்ந்தால் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, துளிகள் படியும் வரை ஏறத்தாழ அரை மணிநேரம் மூடியைத் திறக்காமல் விட வேண்டும். எனக்கு அதை யாரும் சொல்லித் தரவில்லை. தேடிப் படிக்கவும் நான் முயன்றிருக்கவில்லை. உடனே திறந்தேன். பிறகு போத்தல்களும் குழாய்களும் கழுவும் அக்காவைக் கூப்பிட்டு, துடைத்துவிடும்படி சொன்னேன். அவர் வெறுங்கையோடு ஒரு பழைய துணியை எடுத்துவந்து, முகத்தை உள்ளே தாழ்த்தி, உடைந்த கண்ணாடியைப் பொறுக்கி, நன்றாகத் துடைத்துத் தந்தார். உடைவு பற்றி எழுதினால் விசாரணை வரும், விலையும் கட்ட நேரிடலாம் என்ற பயத்தில் நான் யாரிடமும் சொல்லவில்லை. சில மாதங்களுக்குப் பிறகு அந்த அக்காவுக்குக் காசநோய் கண்டுபிடிக்கப்பட்டது. நீண்ட காலம் மருந்து எடுத்து, குணமாகி, மெலிந்துபோய் வேலைக்குத் திரும்பினார். அன்றைய துணியினால்தான் வந்தது என்று நிறுவ எவராலும் முடியாது. காசநோய் ஊரிலும் இருந்தது. ஆனால் அன்று நான் ஒரு வரி எழுதியிருந்தால், அவருக்கு உரிய வேளையில் பரிசோதனை நடந்திருக்கும். இருமல் முற்றும் வரை காத்திருக்க நேர்ந்திராது.

அந்த அக்கா மலையகத்திலிருந்து கொழும்பில் வந்து குடியேறிய குடும்பத்தைச் சேர்ந்தவர். தமிழ் நன்றாக வாசிப்பார். பத்திரிகையில் வரும் தொடர்கதை ஒன்றையும் தவறவிடமாட்டார். அவர் கழுவும் தொட்டிக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்த எச்சரிக்கை முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. ஆய்வுகூடத்தில் மிக அதிகமாகக் கிருமி படிந்த பொருட்களைத் தொடுபவர் அவர்தான், அந்த அறையில் எழுதப்பட்டிருந்த ஒரேயொரு பாதுகாப்பு அறிவுறுத்தலை வாசிக்க முடியாதவரும் அவர்தான். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தத்துக்குப் பின்னர் தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழி. பேருந்தின் பெயர்ப்பலகையில் தமிழ் பிழையாக இருந்தால் நாம் பத்திரிகைக்கு எழுதுகிறோம், எழுதவும் வேண்டும். கிருமிக் கழிவைச் சுமக்கும் தொழிலாளிக்கு அந்தப் பை எத்தகையது என்று அவருடைய மொழியில் சொல்லப்படாமல் இருப்பது அதைவிடப் பெரிய குறை என்று நான் கருதுகிறேன்.

வெளிநாடுகளில் நடந்தவற்றைப் பார்த்தாலும், ஆய்வுகூடத்தின் கிருமி ஆய்வாளரோடு நின்றுவிடுவதில்லை என்பது தெளிவாகிறது. 1978இல் இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் மருத்துவக் கல்லூரியில் பெரியம்மை தொற்றி இறந்த ஜேனட் பார்க்கர் அங்கே புகைப்படப் பணியாளராக இருந்தவர். பெரியம்மைக் கிருமியில் அவர் எந்த ஆய்வும் செய்யவில்லை. 2003 செப்டெம்பரில் சிங்கப்பூரில் சார்ஸ் தொற்றியவர் ஓர் ஆராய்ச்சி மாணவர். அவர் கையாண்டது வேறொரு வைரஸ். அந்த மாதிரியில் சார்ஸ் வைரஸ் கலந்திருந்தது பின்னரே தெரியவந்தது. அதே ஆண்டு டிசம்பரில் தாய்வானில், அதியுயர் பாதுகாப்பு வசதி கொண்ட ஆய்வுகூடத்தில் சிந்திய கழிவைத் துப்புரவு செய்த ஆய்வாளருக்குத் தொற்றியது. காய்ச்சல் தொடங்கிய பின்னரும் அவர் சில நாட்கள் வைத்தியசாலைக்குச் செல்லாமல் வீட்டிலேயே இருந்தார். 2004இல் பெய்ஜிங்கில், செயலிழந்துவிட்டதாக நம்பப்பட்ட வைரஸை வெளியே சாதாரண அறைக்கு எடுத்துச்சென்று ஆய்வு செய்ததால் ஒன்பது பேருக்குச் சார்ஸ் தொற்றியது. அவர்களுள் இறந்தவர் ஒருவரே. அவர் தொற்றுக்குள்ளான மாணவியின் தாய், மகளைப் பராமரிக்கச் சென்றவர். 2019இல் சீனாவின் லான்சோ நகரில் கால்நடைத் தடுப்பூசி தயாரிக்கும் ஒரு தொழிற்சாலை காலாவதியான கிருமிநீக்கியைப் பயன்படுத்தியதால், புரூசெல்லா பற்றீரியா வெளியேறும் காற்றோடு கலந்து, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரைத் தொற்றியது.

இவற்றுள் பெரும்பாலானவை வசதிக்குக் குறைவில்லாத இடங்களில் நிகழ்ந்தவை. கட்டடம் இருந்தது, இயந்திரம் இருந்தது. ஒரு போத்தலின் காலாவதித் திகதியை யாரும் பார்க்கவில்லை. செயலிழந்ததா என்று சோதிக்காமல் நம்பினார்கள். காய்ச்சல் வந்தவர் உடனே சொல்லவில்லை. உலக சுகாதார அமைப்பு 2020ஆம் ஆண்டின் இறுதியில் வெளியிட்ட ஆய்வுகூட உயிரியற் பாதுகாப்புக் கைநூலின் நான்காம் பதிப்பும் இந்த அனுபவங்களின் வழியேதான் சிந்திக்கிறது. இன்ன கிருமிக்கு இன்ன தரத்திலான அறை என்று வரிசைப்படுத்தி அதோடு நின்றுவிடாமல், செய்யப்போகும் வேலை எது, அதில் துளிகள் கிளம்புமா, செய்பவருக்குப் பயிற்சி உண்டா, அவருடைய உடல்நிலை எப்படி என்பவற்றை முதலில் எடைபோட்டு, எல்லா ஆய்வுகூடங்களுக்கும் பொதுவான அடிப்படைத் தேவைகளுக்கு மேலாக எங்கே கூடுதலான கட்டுப்பாடுகள் வேண்டும் என்று முடிவு செய்யும்படி அது கூறுகிறது. பணம் குறைந்த நாடுகளுக்கு இது மிகவும் உகந்த வழி. கோடிக்கணக்கில் செலவிட்டு ஓர் அறையைக் கட்டி, அதைப் பராமரிக்க முடியாமல் பூட்டி வைப்பதைவிட, இருக்கும் அறையில் எந்த வேலையைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று நேர்மையாக எழுதி வைப்பது நூறு மடங்கு மேல்.

நம் நாட்டுக்கே உரிய ஓர் ஆபத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். மெலியோய்டோசிஸ் என்னும் நோய் இலங்கையில் முதன்முதலாகப் பதிவானது 1927இல். ஈரமண்ணிலும் வயற்சேற்றிலும் வாழும் ஒரு பற்றீரியாவினால் வருவது. நீரிழிவு உள்ளவர்களைக் கடுமையாகத் தாக்கும். அந்தக் கிருமி உள்ள இரத்தமோ சீழோ ஆய்வுகூடத்துக்கு வரும்போது, படிவத்தில் வெறுமனே 'காய்ச்சல்' என்றுதான் எழுதியிருக்கும். கிருமிகளை வளர்த்துப் பார்க்கும் வளர்ப்பூடகத்தில் அது முளைக்கும்போது, தீங்கற்ற வேறொரு பற்றீரியா என்றோ வெளியிலிருந்து கலந்த அழுக்கு என்றோ தவறாக எண்ணப்படுவதுண்டு. எங்கள் தலைமுறையினருக்குக் கிருமி வளர்ந்த கிண்ணத்தின் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துக் கிருமியை அடையாளம் காணும் பழக்கம் இருந்தது. அதை ஒரு கைத்திறனாகவே மூத்தவர்கள் எங்களுக்குக் காட்டினார்கள். நானும் எனக்குப் பின் வந்தவர்களுக்குக் காட்டியிருக்கிறேன். மெலியோய்டோசிஸ், புரூசெல்லா ஆகிய கிருமிகளைப் பொறுத்தவரை அந்த ஒரு மூச்சே தொற்றுக்குப் போதுமானதாகலாம். எனவே இளையவர்களிடம் நான் மன்றாடிக் கேட்பது, யார் செய்துகாட்டினாலும் கிண்ணத்தை முகர வேண்டாம். அடையாளம் தெரியாத கிருமியை, தெரியும் வரை, கிருமி வெளியே வராமல் காற்றோட்டத்தால் தடுக்கும் பெட்டியான பாதுகாப்புக் கபினெட்டுக்குள் வைத்தே கையாளுங்கள்.

அந்தக் கபினெட் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். அதன் முன்வாயில் உள்நோக்கி ஓடும் காற்றுத் திரைதான் வேலை செய்பவரைக் காக்கிறது. மேலே உள்ள ஹெப்பா வடிகட்டி, 0.3 மைக்ரோன் அளவிலான துகள்களில் 99.97 சதவீதத்தைத் தடுக்கிறது. முன்னாலுள்ள துளைத்தட்டின் மேல் ஒரு குறிப்பேட்டை வைத்தால் அந்தத் திரை கிழிந்துவிடும். கொழும்பின் புழுக்கம் தாங்காமல் மேலே மின்விசிறியைச் சுழலவிட்டாலும் அதே கதிதான். இதைவிட ஆபத்தான குழப்பம் ஒன்றை நான் நேரில் கண்டிருக்கிறேன்: தூய காற்றைப் பொருளின் மேல் செலுத்தி, அங்கிருந்து வேலை செய்பவரின் முகத்தை நோக்கித் தள்ளும் மேசைகளும் உருவத்தில் ஏறத்தாழ இப்படித்தான் இருக்கும். அவை வளர்ப்பூடகத்தைச் சுத்தமாகத் தயாரிப்பதற்கு உரியவை. அதில் நோயாளியின் மாதிரியைத் திறப்பது, கிருமியைத் தன் முகத்தில் தானே விசிறிக்கொள்வதற்கு ஒப்பாகும். இரண்டையுமே 'ஹூட்' என்று அழைத்துப் பழகியதால் வந்த வினை இது. பாதுகாப்புக் கபினெட்டை ஆண்டுக்கு ஒரு தடவையேனும் தகுதியுள்ளவர்கள் வந்து சோதித்துச் சான்றளிக்க வேண்டும். வாங்குவதற்கு நன்கொடை கிடைக்கும், திறப்பு விழாவும் நடக்கும். மூன்றாம் ஆண்டு வடிகட்டி மாற்றுவதற்குப் பாதீட்டில் பணம் இருக்காது. வேலை செய்யாத கபினெட் தரும் பொய்த் துணிவு, கபினெட்டே இல்லாத நிலையைவிட ஆபத்தானது.

2022 மார்ச் 31ஆம் திகதி பதின்மூன்று மணிநேரம் மின்சாரம் நிறுத்தப்பட்டதை நாம் மறக்கவில்லை. அவ்வளவு நீண்ட வெட்டு மீண்டும் வராது என்றே வைத்துக்கொள்வோம். ஐந்து நிமிட வெட்டுக்குக் கூட ஆய்வுகூடத்தில் எழுதப்பட்ட நடைமுறை வேண்டும். மின்சாரம் போன கணமே கபினெட்டின் காற்றுத்திரை மறைந்துவிடுகிறது. கையிலிருக்கும் குழாயை மூடி, வேலையை நிறுத்தி, மின்சாரம் திரும்பிய பின் விசிறி சில நிமிடங்கள் ஓடும் வரை பொறுத்தே தொடர வேண்டும். நீராவியால் கிருமிகளைக் கொல்லும் ஒட்டோகிளேவ் 121 பாகை செல்சியசில் ஓடிக்கொண்டிருக்கும்போது தடைப்பட்டால், விட்ட இடத்திலிருந்து நேரத்தைக் கணக்கிடக் கூடாது. முதலிலிருந்து தொடங்க வேண்டும். பையின் மேல் ஒட்டிய நாடா நிறம் மாறிவிட்டது என்பதற்காக உள்ளேயுள்ள கிருமி இறந்துவிட்டது என்று நம்பவும் கூடாது. வெப்பம் வெளிப்புறத்தைத் தொட்டது என்பதை மட்டுமே அது காட்டும். வெப்பத்தைத் தாங்கும் பற்றீரிய வித்திகள் அடங்கிய சிறு குப்பியை உள்ளே வைத்துச் சோதித்தால்தான் உண்மை தெரியும். இந்தச் சோதனை தவறும்போது, அந்த மஞ்சள் பை அடுத்ததாகப் போவது தொழிலாளியின் தோளுக்கு.

நான் மீண்டும் மீண்டும் பதிவேட்டைப் பற்றிப் பேசுவதற்குக் காரணம், அது வெறும் தாள்வேலை அன்று. எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணிநேரத்துக்குள் தொடங்க வேண்டும். எவ்வளவு விரைவாகத் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. மெலியோய்டோசிஸ் கிருமிக்கு ஆளானவருக்கு மூன்று வாரங்கள் கொடுக்கக்கூடிய தடுப்பு மருந்து இருக்கிறது. புரூசெல்லாவுக்கும் அவ்வாறே, அதன்பின் சில மாதங்கள் இரத்தப் பரிசோதனையும் வேண்டும். இவை யாவும், நடந்ததை அன்றே சொன்னவருக்குத்தான் கிடைக்கும். சொல்பவர் தண்டிக்கப்படும் இடத்தில் யாரும் சொல்லமாட்டார்கள். மேற்பார்வையாளரின் கையொப்பத்தில் தன் பட்டம் தங்கியிருக்கும் மாணவியும், அடுத்த மாதம் வேலை நீடிக்குமா என்று தெரியாத ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளியும் சொல்லவே மாட்டார்கள். ஆகையால் பதிவேட்டின் முதற்பக்கத்திலேயே, இதில் எழுதுபவருக்கு எதிராக எந்த நடவடிக்கையும் எடுக்கப்படமாட்டாது என்று நிறுவனத் தலைவர் கையொப்பமிட்டுத் தர வேண்டும். ஒன்றுமே நடக்கவில்லை என்று வெறுமையாக இருக்கும் பதிவேட்டைக் காட்டிப் பெருமைப்படும் நிறுவனத்தைவிட, ஆண்டுக்கு இருபது சிறு விபத்துகளை எழுதி வைத்திருக்கும் ஆய்வுகூடத்துக்கே என் மருமகளை நிம்மதியாக அனுப்புவேன்.

சுகாதார அமைச்சும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவும் சேர்ந்து இதற்கு ஒரு கட்டாய விதியை ஏற்படுத்த வேண்டும் என்று தங்கள் நாளிதழின் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். தொற்றுக்கிருமிகளைக் கையாளும் எந்த ஆய்வுத் திட்டத்துக்கும் நிதியும் அனுமதியும் வழங்குவதற்கு முன், அந்த அறையின் ஆபத்து மதிப்பீடும், பொறுப்பேற்கும் பாதுகாப்பு உத்தியோகத்தரின் பெயரும், கபினெட்டின் நடப்பாண்டுச் சான்றிதழும் கேட்கப்பட வேண்டும். ஆராய்ச்சி மாணவர், சிற்றூழியர், ஒப்பந்தத் துப்புரவாளர் உட்பட உள்ளே நுழையும் ஒவ்வொருவருக்கும் ஹெப்பட்டைட்டிஸ் பி தடுப்பூசி முழுமையாகப் போடப்பட்ட பின்னரே வேலை தொடங்கப்பட வேண்டும். இவற்றை ஏற்கெனவே ஒழுங்காகச் செய்துவரும் ஆய்வுகூடங்களும் இங்கே உண்டு. அவற்றின் நடைமுறைகளையே மற்றவர்களும் எடுத்துக்கொள்ளலாம்.

தமிழில் அறிவுறுத்தல் தயாரிக்க ஆள் இல்லை என்று எவரேனும் சொல்வாராயின், அதற்கும் என்னிடம் பதில் உண்டு. என்னோடு பணியாற்றி ஓய்வுபெற்ற இருவர் இன்னும் கொழும்பில் இருக்கிறார்கள். ஒருவருக்குச் சிங்களமும் சரளம். சிந்தியதை எப்படி மூடுவது, எந்தக் கிருமிநீக்கியை ஓரத்திலிருந்து நடுவுக்கு எப்படி ஊற்றுவது, எவ்வளவு நேரம் பொறுப்பது, உடைந்த கண்ணாடியைக் கையால் தொடாமல் இடுக்கியால் எப்படி எடுப்பது, ஊசி குத்தினால் உடனே எங்கே போவது என்பவற்றை, கழுவும் தொட்டிக்கு மேலே ஒட்டக்கூடிய ஒரே தாளில், பெரிய எழுத்தில், இரு மொழிகளிலும் எழுதித் தர நாங்கள் மூவரும் ஊதியம் எதுவுமின்றி ஆயத்தமாக இருக்கிறோம். எந்த ஆய்வுகூடம் கேட்டாலும் தங்கள் அலுவலகத்தின் ஊடாக எங்களைத் தொடர்புகொள்ளலாம். முதல் தாளை என் மருமகள் எடுத்துப்போக இருக்கிறாள்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.